கையை விட்டால் திரும்ப வேண்டும்

கீத்லி, யார்க்ஷயர்
10 பிப்ரவரி 2002

அன்புத் தம்பி டெஸ்மண்டுக்கு,

ஜாய்ஸும் நானும் சுகம். என் முழங்கால் மட்டும் மழை வருமுன்பே மழையைச் சொல்லிவிடுகிறது; இந்த ஊரில் அதற்கு ஓய்வே கிடையாது. நியூசிலாந்தில் இப்போது கோடை. உனக்கும் லோர்னாவுக்கும் உடம்பு எப்படி?

ஒரு செய்தி. உன் மகள் பிரையனி கார் வாங்கியிருக்கிறாள். கார் என்று சொல்வது அதிகம். இரும்புச் சட்டகம் ஒன்று, பழைய காரிலிருந்து கழற்றிய எஞ்சின் ஒன்று, மீதி எல்லாம் அட்டைப்பெட்டிகளில். பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் ரகம். இரண்டு இருக்கை, கூரை கிடையாது. ஸ்கிப்டனில் ஒரு மனிதர் பாதி பூட்டியிருந்தாராம். "இந்தக் கார் வேணுமா, நான் வேணுமா"ன்னு மனைவி கேட்டதும் விற்றுவிட்டார்.

அவள் குடியிருக்கும் மாடி வீட்டில் சைக்கிள் வைக்கக்கூட இடமில்லை. அதனால் அத்தனையும் என் கார் ஷெட்டில் இறங்கியிருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலையும் ஞாயிறும் வருகிறாள். பல் மருத்துவமனையில் வேலை செய்கிறாள் இல்லையா, வாய்க்குள் பார்க்கும் அந்தக் குட்டிக் கண்ணாடியைக் கொண்டுவந்து எஞ்சினுக்குப் பின்னால் விட்டுப் பார்க்கிறாள்! முடிந்ததும் லீட்ஸில் அரசாங்கச் சோதனைக்குப் போக வேண்டும். அதில் தேறினால்தான் சாலைக்கு.

நான் முப்பது வருஷம் வால்பேப்பர் விற்றவன். விளக்குப் பிடிக்கிறேன். பிரேக் குழாய் வளைப்பது பற்றி உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது.

ஜாய்ஸ் அன்பைச் சொல்லச் சொன்னாள்.

உன் அண்ணன்
ஹெட்லி

*

டிமாரு, நியூசிலாந்து
27 பிப்ரவரி 2002

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன் கடிதத்தைப் பட்டறையில் நின்றுகொண்டே படித்தேன். பிரேக் குழாய் பற்றி எனக்கு ஏதாவது "தோன்றுமா" என்று கேட்டிருக்கிறாய். பதினாறு வயதிலிருந்து எனக்கு வேறென்ன தோன்றியிருக்கிறது? நான் மெக்கானிக். நீ சுவரில் பூ ஒட்டியவன். என் மகள் கார் பூட்ட உன் ஷெட்டுக்கு வருகிறாள். இங்கே லோர்னாவிடம் சொன்னேன். "இடம் இருக்குற வீட்டுக்குத்தானே போவா? பன்னிரண்டாயிரம் மைல் தள்ளியா கொண்டுவருவா?" என்றாள். நியாயம்தான். நியாயமாக இருப்பதால் கோபம் குறையவில்லை.

சரி, கவனி. குழாயை நேரே வளைக்காதே. துணி மாட்டும் கம்பி ஹேங்கரை நிமிர்த்தி, அதை முதலில் சட்டகத்தின் மேல் வைத்து வளைத்து அச்சு எடு. அந்த அச்சைப் பார்த்துக் குழாயை வளை. ஓர் அடிக்கு ஒரு கிளிப். எங்கும் தொங்கக் கூடாது, சூடான பக்கம் போகக் கூடாது. படம் வரைந்து வைத்திருக்கிறேன். அதை அவளிடம் கொடு. அப்பா வரைந்தது என்று சொல்.

அவள் என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா?

தம்பி
டெஸ்மண்ட்

*

கீத்லி
24 மார்ச் 2002

அன்புத் தம்பிக்கு,

ஜாய்ஸுக்குச் சளி, இப்போது தேவலை. உங்கள் இருவரின் நலமும் அறிய ஆவல்.

உன் படம் மிகவும் பயன்பட்டது. ஹேங்கர் வித்தை அருமை. வீட்டிலிருந்த கம்பி ஹேங்கர் அத்தனையும் போய்விட்டது, என் கோட்டெல்லாம் நாற்காலி முதுகில் கிடக்கிறது. குழாய்கள் அச்சில் வார்த்தமாதிரி உட்கார்ந்திருக்கின்றன.

இப்போது கூர்முனை வேட்டை நடக்கிறது. சோதனையில் காரின் உள்ளும் புறமும் எங்கும் கூர்மையான விளிம்பு இருக்கக் கூடாதாம். ஒவ்வொரு நட்டுக்கும் கறுப்பு பிளாஸ்டிக் குல்லா மாட்டுகிறோம். போன ஞாயிறு அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் உட்கார்ந்து மாட்டினோம். "பெரியப்பா, பட்டாளத்துக்கே தொப்பி தைக்கிற மாதிரி இருக்கு" என்றாள். சிரித்துச் சிரித்து நான் குல்லா டப்பாவைக் கவிழ்த்துவிட்டேன். ஜாய்ஸ் எட்டிப் பார்த்துவிட்டு, "ஷெட்டுக்குப் போறதுக்கு எதுக்குத் தலை சீவிக்கிறீங்க?" என்று கேட்கிறாள். பெண்கள் இப்படித்தான் எதையாவது கவனிக்கிறார்கள்.

போட்டோ ஒன்று வைத்திருக்கிறேன். முன் சக்கரம் பூட்டிய அன்று எடுத்தது.

அன்புடன்
ஹெட்லி

*

டிமாரு
8 ஏப்ரல் 2002

அண்ணாவுக்கு,

ஜாய்ஸ் அண்ணியின் சளி முழுக்கப் போயிருக்கும் என்று நம்புகிறேன்.

போட்டோ வந்தது. முடியை எப்போது வெட்டினாள்? என்னிடம் இருக்கும் கடைசிப் படத்தில் இடுப்புவரை இருக்கிறது. அவள் போட்டிருக்கும் நீல ஓவரால் உன்னுடையது, கை மடிப்பில் பெயிண்ட் கறை தெரிகிறது. உன் தோளில் கை போட்டிருக்கிறாள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறேன் என்று லோர்னா கேலி செய்கிறாள். பார்க்கத்தான் செய்கிறேன். உனக்கென்ன, கண்ணாடி இல்லாமலே பார்க்கலாம்.

பார்த்ததில் ஒன்று கண்ணில் பட்டது. முன் சக்கரங்கள் நிற்கும் நிலை சரியில்லை. ஸ்டியரிங்கை ஒடித்துவிட்டுக் கையை எடுத்தால், ஓடுகிற வண்டியில் அது தானே நேருக்குத் திரும்ப வேண்டும். இது திரும்பாது. சோதனையில் முதலில் இதைத்தான் பார்ப்பார்கள், இதில்தான் இந்த மாதிரி வண்டிகள் மாட்டிக்கொள்ளும். சக்கரத்தைப் பிடித்திருக்கும் மேல் கை இருக்கிறதே, அதன் பின்னால் வாஷர்கள் இருக்கும். அவற்றைக் கழற்றி முன்னால் போட்டால் மேல் கை கொஞ்சம் பின்னுக்குப் போகும். அவ்வளவுதான். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி.

நான் வரைந்த குழாய்ப் படத்தைக் கொடுத்தபோது என்ன சொன்னாள் என்று நீ எழுதவே இல்லை. "பயன்பட்டது" என்று மட்டும் எழுதியிருக்கிறாய். ஸ்பேனர்கூடத்தான் பயன்படும்.

டெஸ்மண்ட்

*

கீத்லி
20 மே 2002

அன்புத் தம்பிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. தோட்ட வேலை, பிறகு ஜாய்ஸின் தங்கை வந்திருந்தாள். நாங்கள் சுகம். அங்கே குளிர் தொடங்கியிருக்கும், நெஞ்சைப் பார்த்துக்கொள்.

கார் கிட்டத்தட்ட முடிந்தது. பச்சை நிறம். முதல் தடவை எஞ்சின் உறுமியபோது பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேல் தலையை நீட்டி, "விமானம் செய்றீங்களா?" என்று கேட்டார். அதைக் கொண்டாட நானும் பிரையனியும் மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் வாங்கி, காரில் உட்கார்ந்தே சாப்பிட்டோம். ஷெட்டுக்குள்தான், ஓட்டாமல். காகிதத்தை மடியில் விரித்துக்கொண்டு, எங்கெங்கே போகலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். ஸ்கார்பரோ கடற்கரை என்றாள்.

சோதனை ஜூன் 18, செவ்வாய். இழுவண்டி வாடகைக்குப் பேசியாகிவிட்டது.

உன் கடிதம் வந்து சேர்ந்தது.

அன்புடன்
ஹெட்லி

*

டிமாரு
1 ஜூன் 2002

ஹெட்லி,

நலம் விசாரிக்கும் மனநிலையில் இல்லை. நலமாகத்தான் இருப்பாய்.

ஸ்டியரிங் பற்றி ஒரு வரி இல்லை. வாஷரை மாற்றினீர்களா, இல்லையா? மீன் சாப்பிட்டது எனக்கு எதற்கு? வினிகர் போட்டீர்களா என்றும் எழுதியிருக்கலாமே. ஷெட்டுக்குள் நிற்கும் காரில் உட்கார்ந்து என் மகள் கடற்கரைக்குப் போவதைப் பற்றிப் பேசுகிறாள், பக்கத்தில் நீ. அந்த இடத்தில் நான் இருந்திருக்க வேண்டும் என்று உனக்கு ஒரு நிமிஷமாவது தோன்றியதா?

நேற்று ஒருவர் மகளோடு வண்டி கொண்டுவந்தார். அந்தப் பெண் அவருக்கு டார்ச் பிடித்தாள். "கொஞ்சம் வெளியே நில்லுங்க" என்று நான் அவர்களிடம் எரிந்து விழுந்தேன். லோர்னா அவர்களுக்குத் தேநீர் கொடுத்துச் சமாதானம் செய்தாள்.

நீயும் ஜாய்ஸும் பிள்ளை இல்லாதவர்கள் என்பதற்காக நான் எப்போதும் உன்னிடம் பார்த்துப் பார்த்துப் பேசியிருக்கிறேன். இனி பார்க்கப்போவதில்லை. அவள் என் பிள்ளை.

வாஷர்களை மாற்று.

டெஸ்மண்ட்

*

கீத்லி
20 ஜூன் 2002

தம்பிக்கு,

நலம். கார் தேறவில்லை. பெரிதாக ஒன்றுமில்லை, சரிசெய்யக்கூடியதுதான். பிரையனி கொஞ்சம் சோர்ந்திருக்கிறாள். பிறகு எழுதுகிறேன்.

ஹெட்லி

*

கீத்லி
2 ஜூலை 2002

அப்பாவுக்கு,

பிரையனி. உங்கள் விலாசத்தைப் பெரியப்பாவிடம் வாங்கினேன். இத்தனை வருஷத்தில் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம், அதனால் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அம்மா சுகம்.

கார் ஸ்டியரிங்கில் விழுந்தது. உங்களுக்குத் தெரிந்திருக்குமே.

லீட்ஸில் அந்த இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். உருண்டை முனை வைத்த கோலால் எல்லா விளிம்பையும் தொட்டுப் பார்த்தார், ஒரு குறை இல்லை. பிரேக்கைப் பார்த்து, "குழாய் போட்டது யாரும்மா? அழகா இருக்கு" என்று கேட்டார். நான் பெருமையாகப் பெரியப்பாவைக் காட்டினேன். பெரியப்பா கூரையைப் பார்த்தார். அப்புறம் இன்ஸ்பெக்டர் முற்றத்தில் மெல்ல ஓட்டிக்கொண்டே ஸ்டியரிங்கை ஒடித்துக் கையை விட்டார். அது அப்படியே நின்றது. வண்டி வட்டமாகச் சுற்றிச் சுற்றி வந்தது. "திரும்ப மாட்டேங்குதும்மா. இதை வெச்சுக்கிட்டு அனுப்ப முடியாது" என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அழுதேன். வீட்டுக்கு வந்ததும் பெரியப்பா கோட்டைக்கூடக் கழற்றாமல் ஜாக்கியைப் போட்டு முன்பக்கத்தைத் தூக்கினார். மேல் கையைக் கழற்றினார், பின்னாலிருந்த வாஷர்களை முன்னால் போட்டார், முடுக்கினார், மறுபக்கம் போனார். எந்தப் புத்தகத்தையும் பார்க்கவில்லை. பெரியம்மா கொடுத்த தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்தது. தெருவில் ஒரு சுற்று உருட்டிப் பார்த்தோம். ஸ்டியரிங் தானாகத் திரும்பியது.

"இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"படிச்சேன்."

"எங்க படிச்சீங்க? இன்னிக்குத் தெரிஞ்சது நேத்திக்குத் தெரியாதா? தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பெரியம்மா வாசலில் நின்றுகொண்டு, "நீங்க சொல்றீங்களா, இல்ல நான் சொல்லட்டுமா?" என்றார்.

அப்போதுதான் சொன்னார். குழாய், ஹேங்கர், கிளிப், எல்லாம் நீங்கள் எழுதியது என்று. ஹேங்கரைப் பார்த்தபோதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும், சின்ன வயதில் நம் முற்றத்தில் நீங்கள் அதைச் செய்து பார்த்திருக்கிறேன். குழாய் வளைத்த அன்று நான் பெரியப்பாவிடம், "உங்களுக்கு இதெல்லாம்கூடத் தெரியுமா!" என்று வாயைப் பிளந்தேன். அவர் முகம் சிவந்துபோனது. அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஒரு தடவை சொல்லாமல் விட்டார், அப்புறம் சொல்ல முடியவில்லையாம்.

ஏப்ரலில் ஒரு நாள், "இந்த ஸ்டியரிங் தானா திரும்பாதுன்னு நினைக்கிறேன்" என்று ஆரம்பித்தார். நான் களைத்துப்போயிருந்தேன். "எங்கப்பா மாதிரியே குறை சொல்லாதீங்க பெரியப்பா" என்று சொல்லிவிட்டேன். அதோடு வாயை மூடிக்கொண்டார். இப்போது, "உன் அப்பா மாதிரி ஆகணும்னு எனக்கு ஆசை. ஆனா நீ அப்படிச் சொன்ன விதத்துல இல்ல" என்றார். எனக்குச் சிரிப்பதா, கத்துவதா என்று தெரியவில்லை. கத்தினேன். பெரியம்மாதான், "ரெண்டு கிழவனுங்களும் ஒரே பொம்மைக்கு அடிச்சுக்கிறாங்க. நீ போய்ச் சாப்பிடு" என்றார்.

நான் பொம்மை இல்லை அப்பா. அவர்மேல் கோபம் இருக்கிறது. உங்கள்மேல் அதைவிட அதிகம். அவர் மறைத்தார், சரி. ஆனால் நீங்கள் ஏன் எனக்கு எழுதவில்லை? அம்மாவின் வீடு அதே தெருவில், அதே எண்ணில்தான் இருக்கிறது. நான் அங்கே இல்லையென்றாலும் கொடுத்திருப்பார். எனக்குப் பதின்மூன்று வயதில் விட்டுப் போனீர்கள். பிறந்தநாள் அட்டையில் "அன்புடன் அப்பா" என்று போடுவீர்கள், அதுவும் பதினெட்டோடு நின்றது. வாஷரை எந்தப் பக்கம் போடுவது என்று மட்டும் உங்களால் இரண்டு பக்கம் எழுத முடிகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரையனி

*

டிமாரு
15 ஜூலை 2002

என் அன்பு மகள் பிரையனிக்கு,

இதை எத்தனையோ முறை எழுதிக் கிழித்துவிட்டேன். நான் சுகம். உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். எண்ணெய் படாத சட்டையில்.

உனக்கு எழுதினால் நீ பதில் போட மாட்டாய் என்று பயந்தேன். அண்ணனுக்கு எழுதினால் அவன் போட்டுத்தான் ஆக வேண்டும். உன் அருகில் போக அவன்தான் எனக்கு இருந்த வழி. அவன் அந்த வழியிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான் என்பதுதான் என்னால் பொறுக்க முடியாதது. இதை எழுதும்போதும் அவனை நினைத்துப் பல்லைக் கடிக்கிறேன். என்ன மனிதன் நான் என்று நீயே முடிவு செய்துகொள்.

உன்னை விட்டுவிட்டு வந்தது உன் அம்மா மொரீனுக்கும் எனக்கும் ஒத்துவராததால் மட்டும் அல்ல. இங்கே எனக்கு ஒரு பட்டறை கிடைத்தது. உன்னை வருஷம் ஒரு முறை வந்து பார்க்கலாம் என்று கணக்குப் போட்டேன். முதல் வருஷம் வரவில்லை. அப்புறம் வர வெட்கமாகிவிட்டது.

மறு சோதனை எப்போது? விமானச் சீட்டு விசாரித்துவிட்டேன். அன்றைக்கு நான் அங்கே நிற்கிறேன். யாரும் உன்னைத் திருப்பி அனுப்ப முடியாதபடி அந்தக் காரைப் பார்த்துக் கொடுக்கிறேன்.

அப்பா

*

கீத்லி
3 ஆகஸ்ட் 2002

அன்புள்ள அப்பா,

கடிதம் கிடைத்தது. எல்லோரும் சுகம். பெரியப்பாவோடு ஒரு வாரம் பேசாமலிருந்தேன். எட்டாம் நாள் ஒரு குல்லா கழன்று விழுந்தது, "ஒரு வீரன் தொப்பிய கழட்டிட்டான்"னு அவராகவே சொன்னார். சிரித்துத் தொலைத்தேன்.

மறு சோதனை இந்த மாதம் 20. நீங்கள் வர வேண்டாம்.

கோபத்தில் சொல்லவில்லை. நீங்கள் வந்தால் ஷெட்டில் நீங்கள் இருவரும் காரின் இரு பக்கமும் நிற்பீர்கள். ஒருவர் ஸ்பேனரை ஒருவர் பிடுங்குவீர்கள். நான் தேநீர் போட வேண்டியிருக்கும். கார் என்னுடையது. தேறினாலும் தேறாவிட்டாலும் நானே பார்த்துக்கொள்கிறேன்.

நவம்பரில் வாருங்கள். அப்போது இங்கே ஓயாமல் மழை பெய்யும், நாலரை மணிக்கே இருட்டிவிடும். கூரையில்லாத காரை வெளியே எடுக்க முடியாது, தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கும். பார்க்கவோ பூட்டவோ ஒன்றும் இருக்காது. என் மாடி வீட்டில் ஹீட்டர் சரியாக வேலை செய்யாது. அப்போது வந்தால், நீங்கள் யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று எனக்குச் சந்தேகம் வராது.

பிரையனி

*

டிமாரு
19 ஆகஸ்ட் 2002

அண்ணாவுக்கு,

நீயும் அண்ணியும் நலமா? முழங்கால் எப்படி? ஜூனில் கேட்காததையும் சேர்த்துக் கேட்கிறேன்.

நவம்பர் ஐந்தாம் தேதி மான்செஸ்டரில் இறங்குகிறேன். தனியாக, லோர்னா அடுத்த முறை வருகிறாளாம். இதை முதலில் பிரையனிக்கு எழுதிவிட்டு, இரண்டாவதாகத்தான் உனக்கு எழுதுகிறேன். இரண்டாவது இடம் எப்படி இருக்கும் என்று நீயும் கொஞ்சம் பார்.

உன்மேல் கோபம் போய்விட்டது என்று எழுதினால் பொய். என் வித்தையை உன் பெயரில் ஓட்டிவிட்டாய். நான் உன் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று லோர்னா கேட்டாள். நான் எழுந்து பட்டறைக்குப் போய்விட்டேன்.

நாளை மறு சோதனை. முடிவை அவளே எழுதுவாள், அதுவரை காத்திருப்பேன். தேறிவிட்டால் உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். முதல் நாள் பக்கத்து இருக்கையில் யார் உட்கார்ந்தது என்று மட்டும் எனக்கு எழுதாதே. தெரிந்துகொள்ள விருப்பமில்லை.

தம்பி
டெஸ்மண்ட்

*

கீத்லி
8 செப்டம்பர் 2002

அன்புத் தம்பிக்கு,

தேறிய செய்தியை அவளே எழுதிவிட்டாள், எண் பலகை மாட்டிய படமும் அனுப்பிவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். அதனால் நான் எழுத அதிகமில்லை.

இன்ஸ்பெக்டர் கையை விட்டார், ஸ்டியரிங் திரும்பியது. அவரிடம் பிரையனி, "இது எங்கப்பா சொன்னது. குழாயும் அவர்தான்" என்றாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அது எனக்கு எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியும், விளக்க வேண்டாம்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசலில் அவள் காலடி கேட்கும்போது, அவள் என் மகளாக இருந்திருந்தால் என்று நினைத்துக்கொள்வேன். உன் எழுத்து தெரியும் உறையைப் பார்த்தால் அந்த நினைப்பு கலைந்துவிடும். அதனால்தான் உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவேன்.

நவம்பர் ஐந்து இரவு வருஷா வருஷம்போல ஊரெல்லாம் வாணவேடிக்கை. பள்ளத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஒன்றும் தெரியாது, பிரையனியின் மாடி வீட்டு ஜன்னலிலிருந்து நன்றாகத் தெரியும். உன்னை விமான நிலையத்தில் அழைத்துக்கொள்ள அவளே வருகிறாள், ஜாய்ஸின் பழைய காரில். நான் வரவில்லை. வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, நானாகத்தான்.

நீ எழுதாதே என்றதை எழுதவில்லை.

ஜாய்ஸ் சுகம். என் முழங்கால் பரவாயில்லை. ஸ்கார்பரோவில் நல்ல வெயில் இருந்தது. ஆனால் காற்று அடித்ததில் இடது காது மட்டும் அடைத்துக்கொண்டு, சில நாளாக ஒன்றும் கேட்பதில்லை. டாக்டர் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்.

உன் அண்ணன்
ஹெட்லி